பிறந்த வீட்டுக் கோடி

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் திருஞானசம்பந்தம் வாயால் சொல்லச் சொல்ல, எதிர்வீட்டில் தையல் கடை வைத்திருக்கும் ஷாரோன் முதலில் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள். பிறகு அவர் வேண்டாம் என்றதை விட்டுவிட்டு, நல்ல தாளில் எடுத்தெழுதித் தபாலில் சேர்ப்பாள். இங்கே இருப்பது நோட்டில் உள்ளபடி. சதுர அடைப்புக்குள் வருவதெல்லாம் அனுப்பாமல் விட்டவை. ஓசூரிலிருந்து வந்த பதில்கள் அந்தந்தத் தேதியில் சேர்ந்திருக்கின்றன.

*

பிள்ளையார்பாளையம்
14.2.2024

மாப்பிள்ளை ராஜவேலுவுக்குத் திருஞானசம்பந்தம் எழுதிக்கொள்வது. இங்கே நான், மகன் விக்னேஷ், மருமகள் கலைவாணி மூவரும் சுகம். உன் சுகத்தைக் கேட்க வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நேற்று கச்சபேஸ்வரர் கோயில் பக்கம் கைலாசத்தைப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். கையைப் பிடித்து நிறுத்தி, "ஏன்டா, பத்து நாளா செல்லுல ஒரு பூ படம்கூட வரல. நம்ம தறிக்கூட்டாளிங்க குரூப்பு செத்துப்போச்சா?" என்று கேட்டேன்.

"குரூப்பு நல்லாத்தான் இருக்குது. உன்னத்தான் தூக்கிட்டோம். நாந்தான் தூக்கினேன். எல்லாரும் சொன்னாங்க."

"நான் இன்னாடா பண்ணேன்?"

"பொணத்த நடுவூட்ல வெச்சிக்கினு அழுதுக்கினு இருக்காங்க, நீ கல்யாணச் சாப்பாடு கேக்கறே. வாய்ஸுல. நாப்பது பேரு கேட்டாங்கப்பா."

தங்கை ரேணுகாம்பாள் போய்விட்டாள் என்பதை நான் பதினோரு நாள் கழித்து, நடுத்தெருவில், கைலாசம் வாயால் கேட்டேன்.

அந்தக் குரல் என்னுடையதுதான். "தங்கச்சி, அம்பது வருஷம் ஓடிப்போச்சு, இன்னும் அம்பது நீ நல்லா இருக்கணும். மாப்ளே, சாப்பாடு எப்போ போடறே?" என்றுதான் பேசினேன். தை இருபத்தொன்றாம் தேதி உங்களுக்குக் கல்யாணமாகி ஐம்பது வருஷம். அதற்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை காலையில், ரேணுகா படம் பூவளையத்தோடு வந்தது. எல்லோரும் கும்பிடுகிற கை போட்டிருந்தார்கள். ஐம்பதாம் கல்யாண நாளைத்தான் இப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். கண்ணில் புரை விழுந்திருக்கிறது. கீழே எழுதியிருந்தது தெரியவில்லை.

[கண்ணில் ஒன்றுமில்லை. எனக்கு எழுத்துத் தெரியாது. அது அவனுக்கும் தெரியாது. இது வேணாம்மா, அடிச்சிடு.]

உனக்குப் போன் போட்டால் போகவில்லை. "பிளாக் பண்ணிட்டாங்க மாமா" என்றாள் கலைவாணி. அதனால்தான் கடிதம். கண் இப்படி இருப்பதால் எழுத்து வேறு கையுடையது. பேச்சு என்னுடையது.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

திருஞானசம்பந்தம்

*

ஓசூர்
3.3.2024

திரு. திருஞானசம்பந்தம் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் இருக்கிறோம். அங்கும் அவ்வாறே இருப்பீர்கள் என நம்புகிறேன்.

அப்பாவுக்கு வந்த கடிதத்தை நான் பிரித்துப் படித்தேன். அம்மாவுக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. பிறந்த வீடு என்று அம்மா சொன்னது உங்களை மட்டும்தான். பிறந்த வீட்டுக் கோடி வந்து அந்தப் புடவையைப் போர்த்திய பிறகுதான் எடுப்பது என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் கோடியோடு கிளம்பியிருப்பீர்கள் என்றுதான் எல்லோரும் இருந்தோம். நீங்கள் செய்தியைப் பார்த்ததற்கு அப்பா செல்லில் நீல டிக் விழுந்திருந்தது. உங்கள் வாய்ஸ் வந்தபோது எந்த பஸ்ஸில் வருகிறீர்கள் என்று சொல்கிறீர்களாக்கும் என்று நினைத்து, அம்மாவின் தலைமாட்டில் நின்றபடி, சத்தமாகப் போட்டுவிட்டேன். அங்கே இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள்.

அதற்குப் பிறகும் அப்பா மூன்று மணி வரை எடுக்கக் கூடாது என்றார். ஏன் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. கடைசியில் என் மனைவி திரிஷா அலமாரியிலிருந்து ஒரு புடவையை எடுத்து வந்து போர்த்தினாள்.

கண் தெரியவில்லை என்கிறீர்கள். அதற்கு முதல் நாள் குரூப்பில் ஒருவர் போட்ட புடவைப் படத்தைப் பார்த்துவிட்டு, "கரையில ஒரு இழை விட்டுப்போயிருக்குது, யாருப்பா நெய்தது?" என்று நீங்கள் பேசியதையும் நான் கேட்டேன். ஒரு இழை தெரிகிற கண்ணுக்கு அவ்வளவு பெரிய எழுத்து தெரியவில்லையா?

அப்பாவுக்கு இனி எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உடல்நலம் பேணவும்.

ரா. இளங்கோவன்

*

பிள்ளையார்பாளையம்
22.3.2024

மாப்பிள்ளைக்கு. இங்கே நலம். பங்குனித் திருவிழாவுக்குக் கொடியேறி ஊரெல்லாம் கூட்டம். உன் மூட்டு வலி எப்படி இருக்கிறது? ஓசூர்க் குளிர் அதற்கு ஆகாதே.

இளங்கோவன் கடிதம் வந்தது. எழுதவேண்டாம் என்று எழுதியிருக்கிறான். உனக்கு எழுத வேண்டாம் என்று நீ சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

[பிறந்த நாளிலிருந்து அவனுக்கு நான் மாமா. திரு என்று போட்டிருக்கிறானே, வேறு எங்கேயாவது மாமா என்று இருக்கிறதா பார் என்று இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். இல்லை. அடிச்சிடு.]

தென்னேரியில் உன் கல்யாணம் நடந்த அன்று அய்யர் கேட்டார்: "பொண்ணுக்கு அண்ணன் தம்பி யாருப்பா? வந்து பொரி போடுங்க." யாரும் எழுந்திருக்கவில்லை. ரேணுகாவின் அப்பா துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தார். அவருக்கு வலது காதில் மட்டும் கடுக்கன். நெருப்பில் ஈர விறகு, புகை உன் பக்கம்தான் வந்துகொண்டிருந்தது. நான் உன் பின்னால் நின்று விசிறிக்கொண்டிருந்தவன், விசிறியைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனேன். "டேய், மாப்ள வூட்டு ஆளு நீ, எங்கடா போறே?" என்று கைலாசத்தின் அண்ணன் கேட்டார். "இனிமே பொண்ணு வூட்டு ஆளு" என்றேன். பொரியை அள்ளி அவள் கையில் போட்டேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ரெண்டு கை போடுண்ணா, ஒண்ணு பத்தாது" என்று மட்டும் சொன்னாள். அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

பொரி போட்டவன்தான் கோடி போட வேண்டும். அது எனக்குத் தெரியும்.

[சாவு என்றால் பங்காளி ஒருவர் வாசலுக்கு வந்து, உள்ளே வராமல், தண்ணிகூடக் குடிக்காமல், நின்றபடி சொல்லிவிட்டுப் போவார். அப்படி யாராவது வந்திருந்தால் கட்டின வேட்டியோடு கிளம்பியிருப்பேன். என் வாசலுக்கு யாரும் வரவில்லை. இதை எழுதினா அவன்மேல குத்தம் சொல்றமாதிரி ஆயிடும். வாணாம்.]

முப்பத்தோரு வருஷம் ஒரே தறியில் உட்கார்ந்தோம். உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று வரும் கோர்வைத் தறியை ஒருவனால் ஓட்ட முடியாது. நான் இந்தப் பக்கமிருந்து ஊடு நூல் ஓடும் நாடாவை விட, நீ அந்தப் பக்கம் வாங்குவாய். வாய் மட்டும் சும்மா இருக்காது உனக்கு. காகிதம் எது கையில் கிடைத்தாலும் உரக்கப் படிப்பாய். டிசைன் பேப்பர், கல்யாணப் பத்திரிகை, பொட்டலம் கட்டின தாள், பஸ் போர்டு, 'இங்கு சுவரொட்டி ஒட்டாதீர்' வரைக்கும். தறிக்கூடம் முழுக்க உனக்கு ரேடியோ என்றுதானே பேர். "ரேடியோவ நிறுத்துய்யா, தலவலி" என்று கைலாசம் கத்துவான். இப்போது ஓசூரில் யாருக்குப் படித்துக் காட்டுகிறாய்?

வேறு விசேஷமில்லை. பேரப்பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

திருஞானசம்பந்தம்

*

ஓசூர்
6.5.2024

மச்சானுக்கு,

நலம். நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இரண்டு கடிதமும் கிடைத்தன. இங்கே இந்த வருஷம் வெயில் அதிகம். இடது மூட்டு பரவாயில்லை, வலதுதான் தொல்லை. காலையில் பூங்காவரை நடக்கிறேன். பேசுகிற பாஷை பாதி தெலுங்கு, பாதி கன்னடம். தலையாட்டிவிட்டு வருகிறேன்.

உனக்கு எழுதித் தருகிறவர் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. யார் அது?

கண்ணுக்கு வைத்தியம் பார்த்துக்கொள்.

ராஜவேலு

*

பிள்ளையார்பாளையம்
20.5.2024

மாப்பிள்ளைக்கு. கார்டு கிடைத்தது. கார்டாக இருந்தாலும் உன் கை எழுதியது. நான் சுகம். கலைவாணிக்கு ஒரு வாரம் காய்ச்சல், இப்போது தேவலை. வலது மூட்டுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா?

எழுதுவது எதிர்வீட்டு ஷாரோன். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற பெண். ரவிக்கை தைக்கிறாள், புடவைக்குக் குஞ்சம் கட்டுகிறாள். இரண்டு பெண் குழந்தைகள். புருஷன் ஏனாத்தூரில் கல்லூரி பஸ் ஓட்டுகிறார். அவளுடைய அப்பா எல்லப்பனை உனக்குத் தெரியும், மாட்டுவண்டியில் விறகு கொண்டு வருவாரே, ஒரு மாட்டுக்குக் கொம்பு உடைந்திருக்கும், அவர்தான்.

நீ சொன்னதற்காகக் கண் முகாமுக்குப் போனேன். சொட்டு மருந்து போட்டுப் பார்த்தார்கள். பரவாயில்லை என்றார்கள்.

["தாத்தா, எழுவத்தாறு வயசுல இப்படி ஒரு கண்ணு நான் பாத்ததேயில்ல. கண்ணாடிகூட வாணாம்" என்றாள் டாக்டர் பெண். எதிரே பலகையில் எழுத்து மாட்டி, படியுங்கள் என்றார்கள். எனக்கு முன்னால் நின்ற கிழவி படித்ததை மனசில் வைத்திருந்து அப்படியே ஒப்பித்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.]

[ஷாரோன் சிரிக்கிறாள். அவளுக்கு முதல் நாளே தெரியுமாம். அவள் மிஷின் ஊசியில் நூல் போகாமல் தடவிக்கொண்டிருந்தபோது நான்தான் வாங்கிக் கோத்துக் கொடுத்தேன். "பெரியப்பா, ஊசிக் காது தெரியுது, லெட்டர் மட்டும் தெரியலியா?" என்றாள். "எழுதுமா பேசாம" என்றேன். இதையெல்லாம் ஏன் எழுதறே? நிறுத்து.]

மழை வந்தால் எழுது. கீழே பார்த்து நட.

திருஞானசம்பந்தம்

*

ஓசூர்
18.8.2024

மச்சானுக்கு,

சுகம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும். தாமதத்துக்கு ஒன்றும் நினைக்காதே. எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன்.

ரேணுகா படத்துக்குக் கீழே அன்று குரூப்பில் வந்தவற்றை இத்தனை நாள் கழித்து முந்தாநாள்தான் படித்தேன். நாற்பது பேர். 'அன்னாரின் ஆன்மா இறைவன் திருவடியில் இளைப்பாறப் பிரார்த்திக்கிறோம்.' இருபத்தாறு பேர் இதே வரியை எழுதியிருக்கிறார்கள். புள்ளிகூட மாறவில்லை. ஒருவர் எழுதியதை அழுத்திப் பிடித்து எடுத்து அடுத்தவர் ஒட்டுவார்களாம், மருமகள் செய்து காட்டினாள். அன்னார் என்று அவளை யார் கூப்பிட்டது? கைலாசமும் அதையே ஒட்டியிருக்கிறான். அவன் அவள் கையால் எத்தனை நாள் கூழ் குடித்திருப்பான்.

மற்றவர்கள் கும்பிடுகிற கை. அழுகிற முகம் மூன்று.

வாயைத் திறந்து பேசியது நீ ஒருவன்தான்.

இளங்கோவன் என் செல்லிலிருந்து உன் குரலை அழித்துவிட்டான். கைலாசத்திடம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மூட்டு முன்போலவே. கலைவாணி காய்ச்சல் தேறியதா?

ராஜவேலு

*

பிள்ளையார்பாளையம்
5.9.2024

மாப்பிள்ளைக்கு. எல்லோரும் சுகம். கலைவாணி தேறிவிட்டாள். நீ கேட்டதைச் சொன்னேன், சந்தோஷப்பட்டாள்.

ஒன்று கேட்க வேண்டும். சுற்றி வளைக்கவில்லை. தை பிறந்தால் ரேணுகாவுக்கு வருஷப் படையல். திதிப்படி பார்த்தால் தை எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை வருகிறது. அன்று அவள் படத்துக்கு முன்னால் வைக்கிற புடவையை நான் கொண்டு வர வேண்டும். உடம்புக்குப் போடாமல் விட்டதற்கு அது ஈடாகாது. ஆனால் அதையும் மருமகள் அலமாரியிலிருந்து எடுக்கும்படி ஆகிவிட்டால், அவளுக்குப் பிறந்த வீடு இல்லை என்று ஆகிவிடும். எனக்கும் தங்கை இல்லை என்று ஆகிவிடும்.

சொல்லாமல் வந்து நிற்க மாட்டேன். வா என்று உன் வீட்டிலிருந்து சொல் வர வேண்டும்.

புடவை தறியில் ஏறிவிட்டது. மாம்பழ நிறம், அரக்குக் கரை. ரேணுகா ஒருமுறை ராஜவீதியில் ஒரு கடை வாசலில் நின்று பார்த்த புடவை. எழுபத்தொன்பதாம் வருஷம் ஆடியில். "நல்லா இருக்குதுல்ல அண்ணா" என்றாள், அப்புறம் "வா போலாம்" என்றாள். எதிர்ப்பக்கம் உட்கார ஆள் வேண்டுமே என்று கைலாசத்திடம் போய் நின்றேன். "குரூப்புலேர்ந்து தூக்கினவன தறியில உக்காரச் சொல்றியா?" என்றான். "அது வேற எடம், இது வேற எடம்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துச் சட்டையைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தான். நாடாவை அவன் உன்னைப்போல வாங்குவதில்லை, பிடுங்குகிறான்.

[வேலை நடுவில் அவன் செல்லை எடுத்து என் குரலைப் போட்டுக் காட்டினான். சாப்பாடு எப்போ போடறே என்பதற்குப் பிறகு நான் சிரித்திருக்கிறேன். அது எனக்கு ஞாபகம் இல்லை. மற்றதெல்லாம் ஞாபகம் இருக்கிறது.]

பதிலுக்குக் காத்திருக்கிறேன். உடம்பைக் கவனி.

திருஞானசம்பந்தம்

*

ஓசூர்
27.10.2024

மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். தீபாவளி எங்களுக்கு இந்த வருஷம் இல்லை. உங்கள் வீட்டில் நல்லபடி நடக்கட்டும்.

இளங்கோவனிடம் உன் விருப்பத்தைச் சொன்னேன்.  இரண்டு நாள் கழித்துச் சொன்னான்: "வரட்டும்பா. ஆனா ஒரே ஒரு கேள்வி. ஏன் அப்படிப் பேசினாரு? கண்ணு கிண்ணுன்னு கதை வாணாம். நெஜம் எதுவோ அதச் சொல்லட்டும். அம்மா தலைமாட்டுல அத ஓட விட்டவன் நான். எனக்குத் தெரியணும்."

அவன் கேட்பதில் தப்பில்லை. கேள்வியை உன்னிடம் அனுப்புகிறேன். உனக்குப் பதிலாக நான் சொல்லக்கூடிய பதில் இல்லை இது.

குளிர் ஆரம்பித்துவிட்டது. காதை மூடிக்கொண்டு வெளியே போ.

ராஜவேலு

*

பிள்ளையார்பாளையம்
8.12.2024

திருஞானசம்பந்தம்

இளங்கோவன் அவர்களுக்கு ஷாரோன் எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகமா? மேலே பெரிதாகக் கோணலாக இருப்பது பெரியப்பா தன் கையால் எழுதியது. மூன்று தாள் கெட்டு, நாலாவது இது. அவர் சொல்வதை இனிமேல் அப்படியே எழுதுகிறேன். எதையும் அடிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

இளங்கோ, எனக்கு எழுதத் தெரிந்தது மேலே உள்ள பத்து எழுத்துதான். நெசவாளர் சொசைட்டி ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போடுவதற்காக அறுபத்தெட்டாம் வருஷம் ஒரு மாசம் பழகினேன். அதுவும் எழுத்தாகத் தெரியாது, பூ வரைகிற மாதிரி வரைவேன். இதைவிடச் சின்ன பேராக வைத்திருக்கலாம் எங்கள் அப்பா.

படிக்கத் தெரியாது. ஒரு எழுத்துகூட. டீக்கடையில் பேப்பரைக் கையில் பிடித்திருப்பேன், பக்கத்தில் ஒருவர் படிப்பது காதில் விழும், அது போதும். செல்லில் வருவது எல்லாம் எனக்குப் படம்தான். பூ, சாமி, குழந்தை, புடவை. உன் அம்மா படமும் அப்படித்தான் வந்தது. உன் கல்யாண வீடியோவில் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. கீழே எழுத்து இருந்தது தெரியும். தை இருபத்தொன்று என்று மனசில் கணக்கு ஓடியது. எழுத்து என்ன சொல்லும் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன்.

இது உன் அத்தை கமலாட்சிக்கு, என் பெண்டாட்டிக்கு, மட்டும் தெரியும். அவள் போய் ஒன்பது வருஷமாகிறது. உன் அப்பாவுக்குத் தெரியாது. கண் என்று சொன்னது பொய்.

கேட்டாய், சொல்லிவிட்டேன். வரச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். குழந்தைகளுக்குக் குளிர் ஒத்துக்கொள்கிறதா?

மாமா

(கடைசி வார்த்தையைப் போடலாமா என்று என்னைக் கேட்டார். போடுங்க பெரியப்பா என்றேன். ஷாரோன்.)

*

ஓசூர்
29.12.2024

மச்சானுக்கு,

எல்லோரும் சுகம். நீயும் கலைவாணியும் விக்னேஷும் சுகம்தானே. இதை ஷாரோன் உனக்குப் படித்துக் காட்டுவாள். அவளுக்கு என் வணக்கம்.

உன் கடிதத்தை இளங்கோவன் கூடத்தில் உட்கார்ந்து படித்தான். மேலே இருந்த பேரை விரலால் தடவிப் பார்த்தான். என்னிடம் கொண்டு வந்து கொடுத்தான்.

அதில் ஒன்று தப்பு. 'உன் அப்பாவுக்குத் தெரியாது' என்று அவனுக்கு எழுதியிருக்கிறாய். எனக்கு எழுபத்தாறிலிருந்து தெரியும். வாலாஜாபாத்தில் பஸ்ஸுக்கு நின்றோம். இரண்டு பஸ் நின்றது. ஒன்றில் தென்னேரி என்று போர்டு இருந்தது. நீ போர்டைப் பார்க்கவில்லை, ஏறுகிறவர்களின் கூடையைப் பார்த்தாய். ஏரி மீன் கூடை எதில் ஏறியதோ அதில் ஏறினாய். அன்றைக்குப் பிறகுதான் நான் எல்லாவற்றையும் உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் எனக்கு ரேடியோ என்று பேர் இல்லை. உனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்குமே, யோசித்துப் பார்.

உன் குரல் அன்று வீட்டில் கேட்டவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. தை இருபத்தொன்று உனக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. என் பிள்ளைகளுக்கு இல்லை. எனக்கும் இல்லை. எப்படியாவது யாராவது உனக்குச் சொல்லிவிடுவார்கள், வந்துவிடுவாய் என்றுதான் மூன்று மணி வரை எடுக்க விடவில்லை.

அவனுக்குப் படிக்கத் தெரியாது என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். நாற்பத்தெட்டு வருஷம் சொல்லாததை ஊருக்கு நடுவில் சொல்ல வாய் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி. மீதியை இப்போது எழுதுகிறேன். அன்று காலையில், "காஞ்சிபுரத்துக்கு ஆள் அனுப்பணுமாப்பா?" என்று இளங்கோவன் கேட்டான். "குரூப்புல போட்டாச்சு, எல்லாரும் பாத்துடுவாங்க" என்று அவனே சொன்னான். நான் தலையாட்டினேன். எல்லோரும் பார்ப்பார்கள், ஒருவனால் மட்டும் படிக்க முடியாது என்று தெரிந்தவன் அந்த வீட்டில் நான் மட்டும்தான். எனக்கு அது தோன்றவில்லை. உன் நினைப்பே வரவில்லை. அதை ஒப்புக்கொள்வதைவிட உன்மேல் வருத்தம் என்று வைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது. பத்து மாதம் அப்படி வைத்துக்கொண்டேன்.

வருகிற ஞாயிறு இளங்கோவன் அங்கே வருவான். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறேன். அவனை உள்ளே கூப்பிடாதே.

ராஜவேலு

*

பிள்ளையார்பாளையம்
6.1.2025

மாப்பிள்ளைக்கு. நான் சுகம். உன் மூட்டு, உன் உடம்பு எப்படி?

நேற்று காலை ஒன்பது மணிக்கு இளங்கோவன் வந்தான். நான் தறியில் இருந்தேன். செருப்பைக் கழற்றவில்லை. வாசற்படிக்கு வெளியே நின்றான். மெலிந்திருக்கிறான். நெற்றி உன் அப்பாவுக்குப் போல ஏறிவிட்டது.

கலைவாணி ஓடிப்போய், "வாப்பா இளங்கோ, இன்னா வெளிய நிக்கறே, உள்ள வந்து உக்காரு, டீ போடறேன்" என்றாள். "இல்லக்கா" என்றான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் கொண்டு வந்தாள். அதையும் வாங்கவில்லை. கைலாசம் மட்டும் புரிந்துகொண்டு, தறியிலிருந்து எழுந்து, தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான்.

நான் வாசலுக்குப் போனேன்.

"மாமா, அம்மா தவறிட்டாங்க" என்றான்.

"எப்போப்பா?"

"வெள்ளிக்கிழம வெடியக்காலைல."

"எடுக்கறது?"

"மூணு மணிக்கு, மாமா."

"சரி. வரேன்னு அப்பாகிட்ட சொல்லு" என்றேன்.

திரும்பி நடந்தான். தெருமுனைவரை திரும்பிப் பார்க்கவில்லை. சாவு சொன்னவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நீ சொல்லிக் கொடுத்திருப்பாய். முனையில் திரும்பும்போது கையால் முகத்தைத் துடைத்தது தெரிந்தது. என் கண் நல்ல கண்.

கிணற்றடிக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். கைலாசமும் குளித்தான். கலைவாணி அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

புடவையைத் தறியிலிருந்து அறுத்தாகிவிட்டது. மாம்பழ நிறத்தில் அரக்கு நன்றாக ஏறியிருக்கிறது. கைலாசம் பக்கத்துக் கரையில் இரண்டு இடத்தில் இழை விட்டுப்போயிருக்கிறது. அவனிடம் சொல்லவில்லை. குஞ்சம் ஷாரோன் கட்டுகிறாள். குரூப்பில் இனிமேல் சாவு என்றால் எழுதுவதோடு வாயாலும் சொல்ல வேண்டும் என்று கைலாசம் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறான். ஏன் என்று கேட்டதற்கு, "பெருசுங்களுக்குக் கண்ணு தெரியலப்பா" என்றானாம். என்னைத் திரும்பச் சேர்த்துவிட்டான். முதலில் வந்தது ஒரு ரோஜாப்பூ.

தை எட்டாம் தேதி விடியற்காலையில் கிளம்புகிறேன். விக்னேஷ் கூட வருகிறேன் என்றான், வேண்டாம் என்றேன். ஓசூர் வழியாகப் போகும் பஸ் எது என்று நிலையத்தில் யாரையாவது படித்துச் சொல்லச் சொல்கிறேன். நீ மூட்டு வலியோடு பஸ் நிலையத்தில் வந்து நிற்காதே. வீட்டிலேயே இரு.

மூன்று மணிக்கு முன்னால் வந்துவிடுவேன்.

திருஞானசம்பந்தம்